காப்பர்-டி மலிவுதான், பில் மட்டும் ஏன் எகிறுகிறது?

கேள்வி: எனக்கு 29 வயது. இரண்டு குழந்தைகள், சின்னவளுக்கு 7 மாதம். தாய்ப்பாலோடு இப்போது மசித்த உணவும் கொடுக்கிறேன். மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு மருத்துவமனைக்குப் போனேன். வயிற்று ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், தைராய்டு, சர்க்கரை, பாப் ஸ்மியர் எல்லாம் எழுதிக் கொடுத்து, “பீரியட்ஸ் வந்த பிறகு ரிப்போர்ட்டோடு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். காப்பர்-டியின் விலையைப் போலப் பல மடங்கு இந்தப் பரிசோதனைகளுக்கே ஆகிறது. மாத்திரை என்றால் மாதம் ஒரு அட்டைதான் தருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலி போகிறது. போன கர்ப்பத்தில் எனக்கு ரத்தம் 9-க்கும் கீழே இருந்தது. தான் ஆபரேஷன் செய்துகொள்வதாகக் கணவர் சொல்கிறார், வீட்டில் பயப்படுகிறார்கள். செலவு குறைந்த, நம்பகமான வழி எது? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. இன்றைய நிலையில் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. தாய்ப்பால் கர்ப்பத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று நிபந்தனைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் மட்டுமே: குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்கக் கூடாது, தாய்ப்பாலைத் தவிர வேறு உணவு ஏறக்குறைய எதுவும் இருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் 100-க்கு 98 பேருக்கு அது காக்கும். உங்கள் விஷயத்தில் முதல் இரண்டும் கடந்துவிட்டன. “பீரியட்ஸே வரலையே, அப்புறம் என்ன” என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கருமுட்டை வெளியேறிவிடலாம். அந்த முட்டை கருவானால் மாதவிலக்கு வராமலே போகும். தாய்ப்பால் கொடுப்பதால்தான் வரவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே இன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஆணுறை. காப்பர்-டி பேச்சு அதற்குப் பிறகு.

“பீரியட்ஸ் வந்த பிறகு வாங்க” என்பதற்குக் காரணம் ஒன்றுதான்: கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்வது. மாதவிலக்கு ஓடும்போது கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும், கருவி சுலபமாகப் போகும் என்றும் சொல்வார்கள். அதற்காக ஒருவரை மாதக்கணக்கில் காக்க வைக்கத் தேவையில்லை. கர்ப்பம் இல்லை என்பது ஓரளவு உறுதியானால் எந்த நாளிலும் காப்பர்-டி போடலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உறுதி செய்ய ஆறு கேள்விகள் போதும். கடைசி மாதவிலக்கு தொடங்கி 12 நாளுக்குள்தானா? கருச்சிதைவோ கருக்கலைப்போ ஆகி 12 நாளுக்குள்தானா? பிரசவமாகி 4 வாரத்துக்குள்தானா? மேலே சொன்ன தாய்ப்பால் நிபந்தனைகள் மூன்றும் இருக்கின்றனவா? பிரசவத்துக்கோ கடைசி மாதவிலக்குக்கோ பிறகு உடலுறவே இல்லையா? நம்பகமான கருத்தடையை ஒரு முறைகூடத் தவறாமல் பயன்படுத்தி வருகிறீர்களா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்து, கர்ப்பத்தின் அறிகுறி எதுவும் இல்லை என்றால் சரி.

உங்களுக்கு எதிலும் ‘ஆமாம்’ வராது என்று நினைக்கிறேன். அப்படியானால் செய்ய வேண்டியது இது: கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் இருந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 3 வாரம் ஒரு முறைகூடத் தவறாமல் ஆணுறை. பிறகு வீட்டிலேயே சிறுநீர் டெஸ்ட், காலை முதல் சிறுநீரில். ஒற்றைக் கோடு வந்தால் அன்றே காப்பர்-டிக்குப் போகலாம். 3 வாரம் ஆவதற்குள் செய்தால் இருக்கும் கர்ப்பத்தைக்கூட டெஸ்ட் காட்டாமல் விடலாம். காசும் வீண், பொய்யான நிம்மதியும் கிடைக்கும்.

இனி அந்தப் பரிசோதனைச் சீட்டு. காப்பர்-டி போடும் முன் கட்டாயம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்பவை இரண்டுதான்: உள்பரிசோதனை, பாலியல் நோய்த்தொற்றுக்கான வாய்ப்பை விசாரித்தும் பரிசோதித்தும் அறிவது. இரண்டையும் கருவி போடப்போகிறவரே கையுறை போட்டு, அதே மேஜையில், அதே நேரத்தில் செய்வார். கர்ப்பப்பையின் அளவு என்ன, முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா பின்பக்கமா, அசைத்தால் வலிக்கிறதா, கர்ப்பப்பை வாயில் சீழ் தெரிகிறதா என்று பார்ப்பார். தொற்று இருந்தாலும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலும் அன்று போடக் கூடாது. முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். இந்தப் பரிசோதனையைச் செய்யாமலே “ஸ்கேன் எடுத்துட்டு வாங்க” என்றால் வரிசை தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம்.

கர்ப்பப்பை கோணலாகவோ கட்டியோடோ இருக்கலாம் என்று கைப்பரிசோதனையில் சந்தேகம் வந்தால் ஸ்கேன் நியாயம்தான். கருவி போட்ட பிறகு நூல் காணாமல் போனாலும் வேண்டும். மற்றபடி எல்லோருக்கும் முன்கூட்டியே எடுப்பதில் பயன் இல்லை.

ஹார்மோன் டெஸ்ட்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது. செம்பு மெல்லக் கரைந்து விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அதைவிட மோசம், தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கு ப்ரோலாக்டின் பார்த்தால் அது உயர்ந்துதான் இருக்கும். பால் சுரக்க வைப்பதே அந்த ஹார்மோன். ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழும். அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு டெஸ்ட், அதற்கொரு மாத்திரை என்று போகும். தைராய்டு, சர்க்கரை இரண்டில் எது கூடினாலும் குறைந்தாலும் காப்பர்-டி போடத் தடையில்லை. எனவே கருவிக்காக அவற்றைப் பார்க்கத் தேவையில்லை. உடல்சோர்வு, எடை ஏற்றம், அதிக தாகம் என்று தனியாகக் காரணம் இருந்தால் அதற்காகப் பாருங்கள்.

பாப் ஸ்மியரை, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை, இந்தக் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிட மாட்டேன். அது உயிர் காக்கும் பரிசோதனை. ஆனால் காப்பர்-டிக்கு நுழைவுச்சீட்டு அல்ல. பொதுவாக 30 வயதில் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. டெஸ்ட் என்றால் அதன் பிறகு 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை போதும். அடுத்த வருடம் உங்களுக்கு 30. காப்பர்-டியைக் காட்டவோ வேறு எதற்கோ உள்பரிசோதனை மேஜையில் ஏறும் நாளிலேயே அதையும் எடுத்துக்கொண்டால் தனி நடை மிச்சம்.

உங்களுக்கு உண்மையில் தேவையான ஒரு ரத்தப் பரிசோதனை அந்தச் சீட்டில் இல்லை. ஹீமோகுளோபின். எல்லோருக்கும் கட்டாயமில்லை, ஆனால் கர்ப்பத்தில் 9-க்கும் கீழே போனவருக்கு அது முக்கியம். ஏனென்றால் காப்பர்-டி போட்ட முதல் 3 முதல் 6 மாதங்களில் மாதவிலக்கு ரத்தப்போக்கு பாதி மடங்கு வரை கூடலாம், வலியும் கூடும். இரும்புச்சத்து குறைவு காப்பர்-டிக்குத் தடையில்லை. குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டே போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே ரத்தப்போக்கு அதிகம் உள்ளவர் என்றால், காப்பர்-டி போலவே உள்ளே வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. உள்ள ஹார்மோன் கருவியை யோசிக்கலாம். அது போக்கைக் குறைக்கும், பலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். ஆனால் முதலில் கட்ட வேண்டிய தொகை பெரியது. இலவசமாகவோ மானியத்திலோ கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. மருந்தின் விலையை மட்டும் பார்த்தால் மாத்திரைதான் மலிவாகத் தெரியும். நீங்களே எழுதியிருப்பதுபோல அரை நாள் கூலியை அலகாக வைத்துப் பாருங்கள். 28 நாளுக்கு ஒரு அட்டை என்றால் வருடத்துக்கு 13 அட்டை. மாதம் ஒரு அட்டை வாங்கப் போனால் 13 அரை நாள், அதாவது வருடத்துக்கு ஆறரை நாள் கூலி. 5 வருடத்துக்கு 65 நடை. மூன்று மாத ஊசி என்றால் வருடத்துக்கு 4, 5 வருடத்தில் 20. காப்பர்-டிக்கு மூன்றே நடை: போட ஒன்று, 3 முதல் 6 வாரத்தில் பார்க்க ஒன்று, எடுக்க ஒன்று. 380ஏ வகை என்றால் 12 வருடம் வரை வேலை செய்யும். 5 வருடத்திலேயே எடுத்தாலும் கணக்கு மாறாது. உங்களுக்குக் கொடுத்த சீட்டின்படி நடந்தாலோ, ஸ்கேனுக்கு ஒரு நாள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், காட்ட ஒரு நாள் என்று, கருவி உள்ளே போவதற்கு முன்பே நாலு அரை நாள் போயிருக்கும்.

தவறும் வாய்ப்பும் செலவில் சேர்த்திதான். 100 பெண்கள் ஒரு வருடம் வழக்கம்போலப் பயன்படுத்தினால், ஆணுறையில் 13 பேர், மாத்திரையில் 7 பேர், ஊசியில் 4 பேர் கர்ப்பமாகிறார்கள். காப்பர்-டியில் ஒருவரைவிடக் குறைவு. ஒரே ஒரு விதிவிலக்கு: ஒரு வருடத்துக்குள் அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்குக் காப்பர்-டி லாபமில்லை. அவர்களுக்கு மாத்திரையோ ஆணுறையோ போதும்.

மாத்திரைதான் வேண்டும் என்று முடிவு செய்தாலும் வழி இருக்கிறது. மாதம் ஒரு அட்டை என்பது மருத்துவ விதி அல்ல, விநியோகப் பழக்கம். ஒரு வருடத்துக்கான அட்டைகளைச் சேர்த்தே கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைச் சொல்லியே கேளுங்கள், 13 தராவிட்டால் 3 அட்டையாவது கேளுங்கள். இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு உள்பரிசோதனை வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ரத்த அழுத்தம் மட்டும் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 வயதைத் தாண்டிப் புகைப்பவராக இருந்தாலோ, கண் முன் ஒளி நெளிந்துவிட்டு ஒற்றைத் தலைவலி வருபவராக இருந்தாலோ, காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தாலோ அது வேண்டாம். குழந்தைக்கு 6 மாதம் தாண்டிவிட்டதால் தாய்ப்பால் உங்களுக்குத் தடையில்லை.

கடையில் வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.03 மி.கி., லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி. என்று இருக்கிறதா? இது பல பத்தாண்டுகளாகப் புழங்கும் கலவை. இதே இரண்டு எண்கள் இருக்கும் அட்டைகளில் எது மலிவோ அதை வாங்கலாம். புதிய பெயரோடு பல மடங்கு விலையில் வருபவை கர்ப்பத்தைத் தடுப்பதில் இதைவிட மேல் இல்லை. ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்ததை வழக்கமான நேரத்தில். இரண்டோ அதற்கு மேலோ மறந்தால் உடனே ஒன்று போட்டுக்கொண்டு, தொடர்ந்து 7 நாள் மாத்திரை போகும்வரை ஆணுறை. அட்டையின் மூன்றாவது வாரத்தில் அப்படி ஆனால் கடைசி வரிசையில் உள்ள வெற்று மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போங்கள்.

அவசர மாத்திரையை மாதாந்திரக் கருத்தடையாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., உடலுறவு நடந்து 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தவறிப்போன ஒரு நாளுக்கு அது. திரும்பத் திரும்ப வாங்கினால் செலவும் கூடும், பாதுகாப்பும் குறைவு. பாதுகாப்பில்லாத உடலுறவு நடந்து 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டால் அது எந்த அவசர மாத்திரையையும்விட உறுதி என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஊசி பற்றிச் சுருக்கமாக. தோலுக்கடியில் போடும் 104 மி.கி. வகையை நீங்களே தொடையிலோ வயிற்றிலோ போட்டுக்கொள்ளலாம். சுயமாகப் போடுவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. ஒரு முறை கற்றுக்கொண்டு சில ஊசிகளைச் சேர்த்து வாங்கி வந்தால் நடை மிச்சம். குறித்த தேதிக்கு 4 வாரம் பிந்தினாலும் போடலாம். மாதவிலக்கு ஒழுங்கு தவறும், நிறுத்தியபின் கரு தங்கப் பல மாதம் ஆகலாம்.

காப்பர்-டி போடும் நாளில் என்ன நடக்கும் என்று தெரிந்து போங்கள். போடுபவர் மகப்பேறு நிபுணராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரும் மருத்துவச்சியும் போடலாம். நிபுணர் கட்டணம் இங்கேயே மிச்சமாகும். பிரிக்காத உறையை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். உறை கிழியாமல், காலாவதித் தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். உள்ளே செம்பு கறுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; உறை சரியாக இருந்தால் அது கெடுதல் இல்லை. உள்ளே 36 மி.மீ. நீளத்தில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதன் தண்டில் சுற்றிய செம்புக் கம்பி, அடியில் மெல்லிய நூல். அளவுகோலால் கர்ப்பப்பையின் ஆழம் பார்த்து, ‘டி’யின் இரு கைகளையும் குழாய்க்குள் மடித்துச் செருகி, உள்ளே கொண்டுபோய் விரிய விடுவார்கள். மடித்து 5 நிமிடத்துக்கு மேல் வைத்தால் கைகள் சரியாக விரியாது. மொத்தமே சில நிமிட வேலை. மாதவிலக்கு வலி போல இறுக்கிப் பிடிக்கும்; அரை மணி நேரம் முன்பு இப்யூப்ரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் போட்ட பிறகு வரும் வலி தணியும், வயிற்றுப் புண் உள்ளவர்கள் தவிர. எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. பில்லில் அதுவும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நூலை 3 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். முதல் சில மாதங்கள் ஒவ்வொரு மாதவிலக்குக்குப் பிறகும் விரலால் தொட்டுப் பாருங்கள். 100 பேரில் 2 முதல் 10 பேருக்கு முதல் வருடத்தில், பெரும்பாலும் முதல் 3 மாதத்தில், கருவி தானாக வெளியே வந்துவிடுகிறது. நூல் எட்டவில்லை என்றாலோ, கெட்டியாகப் பிளாஸ்டிக் தட்டுப்பட்டாலோ ஆணுறைக்குத் திரும்பி, காட்டுங்கள். கர்ப்பப்பையைத் துளைப்பது ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பது; தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம், ஆகவே அனுபவமுள்ள கை முக்கியம். முதல் 3 வாரத்தில் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால் அன்றே போங்கள். பின்னால் மாதவிலக்கு தள்ளிப்போய் ஒரு பக்கம் வலித்தாலும் அப்படித்தான்: கருவி இருக்கும்போது கர்ப்பம் அரிது, ஆனால் அப்படி ஆகிவிட்டால் அது கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.

போவதற்கு முன் தொலைபேசியில் நாலு விஷயம் கேளுங்கள். ஒரே வருகையில் பரிசோதித்துப் போட்டுவிடுவீர்களா? சிறுநீர் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் பீரியட்ஸ் இல்லாமலே போடுவீர்களா? கருவி, கையுறை, போடும் கட்டணம், மறுபார்வை எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு? நான் கேட்கும்போது எடுக்க எவ்வளவு? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இலவசமாகப் போட்டுவிட்டு எடுப்பதற்குப் பெரிய தொகை கேட்கும் இடங்களும், “இன்னும் காலம் முடியலையே” என்று எடுக்க மறுக்கும் இடங்களும் உண்டு. எடுப்பது நூலைப் பிடித்து மெல்ல இழுக்கும் ஒரு நிமிட வேலை. காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. போட்ட தேதி, வகை, எடுக்க வேண்டிய வருடம் மூன்றும் எழுதிய அட்டையை வாங்காமல் வராதீர்கள். அரசு நிலையங்களிலும் குடும்பநல அமைப்புகளின் கிளினிக்குகளிலும் முதலில் கேட்டுப் பாருங்கள். காப்பர்-டி அங்கே பெரும்பாலும் கையிருப்பில் இருக்கும்.

கணவரின் ஆபரேஷன் பற்றி. இனிக் குழந்தை வேண்டாம் என்பதில் இருவருக்கும் துளியும் சந்தேகமில்லை என்றால், எல்லாவற்றிலும் செலவு குறைந்தது அதுதான். பெண்ணுக்குச் செய்யும் அறுவையில் வயிற்றில் கீறியோ துளையிட்டோ உள்ளே போக வேண்டும். ஆணுக்கு விரைப்பையின் தோலில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சிறு துளை. 1974-இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் வகுத்த கத்தியில்லா முறையில் தையல்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. அன்றே வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது. ஆண்மையும் பலமும் போய்விடும் என்ற பயத்துக்கு அடிப்படையில்லை: வெட்டுவது விந்தணு போகும் குழாயை மட்டும், ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போகிறது, அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை. திரும்ப இணைப்பது கடினம், செலவும் அதிகம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்போடு செய்ய வேண்டாம்.

அறுவை முடிந்த உடனே பாதுகாப்பு வந்துவிடாது. குழாயின் மேல்பகுதியில் மிச்சமிருக்கும் விந்தணுக்கள் வெளியேற 3 மாதம் ஆகும். அதன் பிறகு விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று வந்தால்தான் நம்பலாம். ஆகவே நீங்கள் இப்போது காப்பர்-டி போட்டுக்கொண்டு, அவர் தனக்கு வசதியான நேரத்தில் அறுவை செய்துகொண்டால், அந்த ரிப்போர்ட் கைக்கு வரும்வரை காப்பர்-டியை எடுக்காதீர்கள்.